சவரியம்மாளை நீக்கிவிடாதே

மேல வீதி,
சிதம்பரம்.
வெள்ளிக்கிழமை, கடை திறக்கப் போவதற்கு முன்.

என் தங்கை வயிற்றில் பிறந்த தங்கமே, ஊசி போடாத வருங்கால டாக்டரே, வினோதினி! உன் தாய்மாமன் சபாநாயகம் மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான், உன் அத்தை சிவகாமு, கடையிலிருக்கும் ஜெராக்ஸ் மிஷின் ஆகிய மூவரும் சுகமாக இருக்கிறோம். மிஷினுக்கு மட்டும் இந்த ஈரக்காற்றில் லேசான இருமல். அங்கே மஞ்சக்குப்பத்தில் நீயும் உன் அம்மாவும் உன் அப்பா இளவரசு மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். நீதான் என் போனை எடுப்பதில்லையே.

முதலில் ஒரு விஷயத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆராய்ச்சித் தலைப்பை எழுதிக்கொண்டு நீ கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாயே, அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "சிவகாமு, இந்தப் பொண்ணு கடைசியில ஒரே ஒரு ஆளோட ரத்தத்தைப் பாத்துட்டுத் திருதிருன்னு முழிக்கப் போவுது, பாத்துக்கினே இரு" என்று சொன்னேன். உன் அத்தையைக் கேட்டுப் பார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாள். நான் எப்போது சொன்னதை அவள் காதில் வாங்கியிருக்கிறாள்?

நேற்று உன் அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "அண்ணே, அது சரியாவே சாப்பிடல. கட்டில்ல படுத்துக்கினு ஃபேனையே பாக்குது. பட்டினி இருந்தவங்களுக்கும் சாப்பிட்டவங்களுக்கும் ரத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்லியாம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் என்னமோ தனியா மேல போயி நிக்குதாம். அது ஏதோ தப்புன்னு அந்த ஆளை எடுத்துட்டு, திங்கக்கெழமை கமிட்டி முன்னாடி வித்தியாசம் இல்லன்னு சொல்லிட்டு, இந்தத் தலைப்பையே விட்டுடப் போறேங்குது. இத்தனை வருஷம் பாடுபட்டது அண்ணே" என்று அழுதாள்.

வினோ, விடாதே. அந்த ஆளை எடுக்காதே. இந்தக் கடிதமே அதற்காகத்தான். நீ யாருடைய பெயரையும் வெளியே சொல்லமாட்டாய், எல்லோரையும் நம்பராக்கித்தான் வைத்திருப்பாய், அது உங்கள் சட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் இருப்பது யார் என்று நான் இங்கே உட்கார்ந்தபடியே சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் சவரியம்மாள். எடுத்துப் பார். சரியாக இருக்கிறதா? இருக்கும். இப்போது எழுந்து உட்கார்ந்துகொண்டு மேலே படி.

எட்டாவது படித்தவனுக்கு இது எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய், உன் அப்பா கேட்பார். அவருக்காகச் சொல்கிறேன். அண்ணாமலை நகரில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப்பேரின் தீசிஸ் என் கையால் தைத்து, என் கையால் பசை தடவி, என் கையால் தங்க எழுத்து அடித்தது. பசை காய்கிற நேரத்தில் நான் சும்மா உட்காருவதில்லை, படிப்பேன். முதல் பக்கம், நன்றியுரை, கடைசிப் பக்கம். நடுவில் இருப்பதெல்லாம் கமிட்டிக்காக எழுதுவது என்று ஒரு பெரிய பேராசிரியரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சரியாகச் சொன்னால் அவருடைய டிரைவர் சொன்னார். ஆனால் அவரும் பல வருடம் அந்தக் காரில்தான் இருந்தார். ஆகவே விஞ்ஞானம் எனக்குப் புதிதல்ல. அதன் இரண்டு முனைகளும் எனக்கு அத்துப்படி.

நீ முதன்முதலாக விளக்கிச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? வெளியே விடாத மழை. கரண்ட் இல்லை. வீணான காகிதத்தின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டாய். "உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் சாப்பாடு வந்துச்சா, வரலியான்னு தெரியும் மாமா. அதைப் பாக்கறதுக்குன்னே உள்ள சில புரதங்க இருக்கு. சத்து நிறைய வந்தா ஒண்ணு முழிச்சுக்கும். அமினோ அமிலம் கொறஞ்சுதுன்னா வேறொண்ணு முழிச்சுக்கும். தடுப்பூசி போடற நேரத்துல எது முழிச்சுக்கினு இருக்கோ, அதைப் பொறுத்து நோயை எதிர்க்கற செல்லுங்க எப்படி வேலை செய்யும், எத்தனை செல்லு அதை ஞாபகம் வச்சுக்கும்னு மாறலாம். அதைத்தான் பாக்கப் போறோம்" என்றாய். நான் உடனே புரிந்துகொண்டேன். "அப்போ ஒவ்வொரு செல்லுலயும் பந்தி விசாரிக்க ஒரு ஆள் நிக்கறான்னு சொல்லு" என்றேன். நீ கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு, "அப்படியும் வச்சுக்கலாம் மாமா" என்றாய். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் விரலை நீட்டி எச்சரித்தாய். "ஊர்ல போயி ஊசிக்கு முன்னாடி எல்லாரும் பட்டினி கெடங்கன்னு சொல்லிடாதீங்க. எலியில பாத்துருக்காங்க, ஆளுங்க ரத்தத்துல கொஞ்சம் பாத்துருக்காங்க. பட்டினி இருந்தா நல்லதா கெட்டதான்னு யாருக்கும் இன்னும் தெரியாது. தெரியாததாலதான் இந்த ஆராய்ச்சியே." சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னது மட்டும்தான். அதுவும் நீ எச்சரிப்பதற்கு முன்பே.

ஆராய்ச்சிக்கு ஐம்பது வயது தாண்டியவர்கள் கிடைக்கவில்லை என்று நீ வாடிய முகத்தோடு நின்றபோது யார் கைகொடுத்தது? காலையில் ஞானப்பிரகாசம் குளத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் கோஷ்டி முழுவதையும் நான் ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தினேன். ரிட்டயர்டு மின்வாரியம் ராமாமிர்தம் வந்தான். பூஜைச் சாமான் கடை வெங்கட்ராம் வந்தார். என் சட்டைக்குக் காஜா எடுத்துத் தரும் சவரியம்மாளையும் அழைத்தேன். "நல்ல காரியம்தானே சார், வரேன்" என்று தையல் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வந்தார். டாக்டர் எல்லோரையும் பரிசோதித்து, சர்க்கரை உள்ளவர்களை முதலிலேயே அனுப்பிவிட்டார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். என் முகத்துக்காகத்தான் போட்டார்கள் வினோ, இதை நீ மறந்துவிடக் கூடாது. கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போல வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

அதற்கப்புறம் உங்கள் கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு எனக்குச் செய்த அவமானத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? நான் எவ்வளவு பெரிய விரதக்காரன். உபவாசம் என்று வந்துவிட்டால் என் அளவுக்கு இந்த நான்கு வீதியிலும் ஆள் கிடையாது. பட்டினிக் கோஷ்டியில் முதல் ஆளாக உட்கார வேண்டும் என்று முந்தின நாளே மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் என்னைச் சாப்பாட்டுக் கோஷ்டியில் போட்டது. நீ இட்லி, வடை, முட்டை எல்லாம் வைத்து, "நல்லா சாப்பிடுங்க மாமா, அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்றாய். விஞ்ஞானத்துக்காகச் சாப்பிட்டேன். விஞ்ஞானத்துக்காக இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

அன்றைய ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் அப்பாவும் படிப்பார் என்பதால் சொல்கிறேன். பட்டினிக் கோஷ்டிக்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. காலையில் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி. அதற்கப்புறமும் விளக்கு வைக்கும் நேரம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். அதுவரை அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கோஷ்டி வீட்டுக்குப் போகலாம். ஊசி என்ன செய்தது என்று பார்க்க எல்லோருக்கும் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம். நீயும் உன் கைடு காயத்ரி மேடமும் ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தைச் சுற்றவிட்டுப் பிரிப்பதற்கு உள்ளே போய்விட்டீர்கள். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை அடிக்கோடிட்டுக்கொள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஈசிசேரில் சாய்ந்துவிட்டேன்.

சாய்ந்ததும் அந்தக் கனவு வந்தது. நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். ஊசி போட்ட தோள் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது, வெயிலில் காய்ந்த துணியைப் போட்டுக்கொண்டது போல. ஃபேன் சத்தம் தள்ளிப் போய், தள்ளிப் போய், புவனகிரிப் பக்கம் வெள்ளாறு ஓடுகிற சத்தமாயிற்று. கண்ணை மூடினேனா திறந்தேனா தெரியாது, நான் என் கைக்குள்ளேயே இறங்கிவிட்டேன். உள்ளே இருட்டு இல்லை வினோ. மாதுளம்பழத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சிவப்பு. விடியற்காலையில் பிச்சாவரத்தில் படகில் போவது போலப் போகிறேன். துடுப்புப் போட ஆளில்லை. தண்ணீர் அசையவில்லை, ஆனால் படகு போகிறது. இரண்டு பக்கமும் வேர்கள் இறங்கி நிற்கின்றன, வேருக்கு வேர் ஒரு சின்ன வீடு, வீட்டுக்கு வீடு ஒரு விளக்கு. எத்தனை வீடு என்கிறாய்? கண் எட்டுகிற தூரம் வரை வீடு, அதற்கப்புறமும் வீடு. நான் குடியிருக்கும் உடம்பில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் சொன்ன அந்த ஆள் நிற்கிறான், தோளில் துண்டோடு, கையில் கரண்டியோடு. அவனுக்கு வேறு வேலை இல்லை. அடிக்கடி உள்ளே எட்டிப் பார்த்துச் சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறான். பானை நிறைய இருந்தால் கரண்டியை ஆட்டுகிறான். உடனே அந்த வீடு அல்லோலகல்லோலம் ஆகிறது. ஒருத்தன் சுவர் எழுப்புகிறான், ஒருத்தன் மாடி கட்டுகிறான், வீடே இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் இன்னொரு வீடாகிறது. ஒரே கொண்டாட்டம். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் ஒரு சட்டை மிதந்து வந்தது. வெறும் சட்டைதான், உள்ளே ஆள் கிடையாது. நீ என் தோளில் போட்டு அனுப்பியது அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருடனை அனுப்பவில்லை, அடையாளம் தெரிந்துகொள்ள அவன் சட்டையை மட்டும் அனுப்பியிருக்கிறாய். என்ன மூளை உங்களுக்கெல்லாம்! என் வீட்டுக்காரர்கள் சட்டையைப் பார்த்தார்கள், சத்தம் போட்டார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடிவிட்டு வந்து மறுபடி மாடி கட்டப் போய்விட்டார்கள்.

படகு அதோடு நிற்கவில்லை. என் கையை விட்டு வெளியே வந்து, காற்றிலேயே மிதந்து, அண்ணாமலை நகர் வரை போயிற்று. ரயில்வே கேட் மூடியிருந்தது, படகுக்கு அது பொருட்டில்லை. யாருடைய கைக்குள்ளோ நுழைந்தேன். அங்கேயும் அதே வேர்கள், அதே வீடுகள். ஆனால் எல்லாம் அமைதி. வாசலில் நின்றவன் பானை மூடியைத் தூக்கினான், அடி தெரிந்தது. கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான். டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டுகிறவன் செங்கல்லைக் கீழே வைத்தான். அடுப்பைத் தணித்தார்கள். அப்போது அதே சட்டை மிதந்து வந்தது. ஓடவில்லை, கத்தவில்லை. ஒருத்தி அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, பொத்தானைப் பார்த்தாள், காஜாவைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இனி எத்தனை வருடம் கழித்து அந்தச் சட்டைக்காரன் வந்தாலும் அவள் தெரிந்துகொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. யாருடைய கை அது? நினைத்துப் பார், சட்டையில் காஜாவைப் பார்க்கிறவள் யாருடைய உடம்பில் இருப்பாள்?

கனவில் தலையைத் தூக்கிப் பார்த்தால் மரத்தடி. பட்டினிக் கோஷ்டி உட்கார்ந்திருக்கிறது. பாவம், நம் ராமாமிர்தம் பேண்டில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கேன்டீன் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறான். அப்போதுதான் வினோ, மரங்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். நல்ல உயரம். நெற்றியில் பளீரென்று திருநீறு. நடந்து வந்தாரா மிதந்து வந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெயில் அவருக்குப் பின்னால் வட்டமாக நின்றது. தலை நிறைய முடி. வயது நாற்பதுக்கு மேல் மதிக்க முடியாது. முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். கையில் பித்தளைத் தூக்கு. "கோயில் பிரசாதம், வாங்கிக்கோங்க" என்றார், மணி அடித்தது போல ஒரு குரல். தூக்கைத் திறந்ததும் மிளகும் நெய்யும் சேர்ந்து கமகமவென்று வந்தது. சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு, மேலே கடலைச் சுண்டல் வேறு. எல்லோரும் எழுந்து நின்று கை நீட்டினார்கள். அப்புறம் அவர் எப்படிப் போனார், எந்தப் பக்கம் போனார், ஒருவருக்கும் தெரியாது. அதோடு எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது.

கனவுதானே என்றுதான் இத்தனை நாளும் விட்டுவிட்டேன். நேற்று உன் அம்மா போனை வைத்ததும் எனக்குச் சுருக்கென்றது. நேரே ராமாமிர்தம் வீட்டுக்குப் போனேன். அவன் மதியத் தூக்கத்தில் பாதியும் விழிப்பில் பாதியுமாக இருந்தான். உண்மையை வரவழைக்க அதுதான் நல்ல நேரம்.

"ராமாமிர்தம், அன்னிக்கு மரத்தடியில எதனா சாப்ட்டியா?"

"சீச்சீ. பொண்ணு சாயங்காலம் கேட்டப்பவும் அதான் சொன்னேன். பச்சத் தண்ணி. அவ்ளோதான்."

"சம்பா சாதம்?"

"அது பிரசாதம்."

"கொத்சு?"

"பிரசாதத்தோட வந்தது."

"சுண்டல்?"

"ஏண்டா டேய், பிரசாதத்தைப் போயி எவனாவது சாப்ட்டேன்னு சொல்லுவானா? சஷ்டிக்கு உபவாசம் இருந்தப்ப கோயில்ல குடுத்த தயிர் சாதத்தை நீ வேணான்னியா?"

"இல்ல."

"விரதம் கெட்டுதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? கம்னு போ."

"குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று துப்பறிந்தேன். அவன் எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னையே கேக்கறியா?" என்றான். பெரிய கும்பிடாக ஒன்று போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தப் பெரியவரை நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பக்தி.

வெங்கட்ராமையும் போய்ப் பார்த்தேன். அவர் சாஸ்திரம் தெரிந்தவர் அல்லவா, இன்னும் தெளிவாகச் சொன்னார். "எலையில போட்டாத்தான் சார் சாப்பாடு. உள்ளங்கையில வாங்கினா அது பிரசாதம். நான் உள்ளங்கையிலதான் வாங்கினேன்." எத்தனை உள்ளங்கை என்று கேட்டேன். "பகவான் குடுக்கறதை எண்ணக் கூடாது" என்று கல்லாவைத் திறந்துகொண்டார்.

ஆகவே வினோ, நீ யார் மேலும் கோபப்படக் கூடாது. ஒருவரும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நீ சாப்பிட்டீர்களா என்று கேட்டாய், அவர்கள் இல்லை என்றார்கள். இந்த ஊரில் அது சத்தியமான பதில். ஆனால் வாசலில் கரண்டியோடு நிற்கும் அந்த ஆள் இருக்கிறானே, அவனுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது. எந்தச் சன்னதியிலிருந்து வந்தது என்று அவன் கேட்பதில்லை. மூடியைத் தூக்குகிறான், சுண்டல் இருக்கிறது, கரண்டியை ஆட்டிவிடுகிறான். உன் பட்டினிக் கோஷ்டி முழுவதும் மத்தியானத்திலேயே சாப்பாட்டுக் கோஷ்டி ஆகிவிட்டது. சாப்பிட்டவர்களையும் சாப்பிட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வித்தியாசம் இல்லையே என்று நீ ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய்.

ஒரே ஒருவர் கை நீட்டவில்லை. சவரியம்மாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, கோயில் பிரசாதம் நாங்க வாங்கறதில்ல, நீங்க எல்லாம் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாராம். ராமாமிர்தமே சொன்னான். சாயங்காலம் வரை நிஜமாகப் பட்டினி கிடந்தவர் அவர் ஒருவர்தான். அந்த அம்மாளைத்தான் தப்பான நம்பர் என்று நீ எடுத்துவிடப் பார்க்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "ஒரே ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது மாமா, அவுங்களுக்கு வேற காரணத்தாலகூட ஏறியிருக்கலாம்" என்பாய். சரிதான். அதற்குத்தான் கமிட்டி இருக்கிறது. ஆனால் வித்தியாசம் இல்லை என்றும் சொல்ல முடியாதல்லவா? அதைத்தான் நான் கேட்கிறேன். நீ இன்னும் அந்தக் கேள்வியை உடம்பிடம் கேட்கவே இல்லை, வினோ. கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று தலைப்பை விடுகிறவர்கள் உண்டா? திங்கட்கிழமை போ. நடந்ததைச் சொல். இன்னொரு தடவை நடத்த அனுமதி கேள். இந்தத் தடவை பட்டினிக்காரர்களை மரத்தடியில் விடாதே, கதவு உள்ள அறையில் வை.

உன் அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். எடுத்த காரியம் உன் கையில் கூடி வரட்டும். உன் வீட்டுப் பானை என்றைக்கும் நிறைந்திருக்கட்டும், உன் மூளை மட்டும் இதே பசியோடு இருக்கட்டும் என்று அம்பலத்தானை வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு மாமன்,
மேல வீதி சபாநாயகம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன். அதற்குள் உன் அத்தை கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். "நல்ல ஒசரமா? தலை நெறைய முடியா? யாருங்க அது, எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரே ஒரு விவரம் மட்டும் நான் சேர்த்தது. அந்தப் பெரியவர். அப்படி ஒருவர் வரவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போனது நான்தான். மிதக்கவும் இல்லை, ஷேர் ஆட்டோவில் போனேன். கனவு நிஜம், ஆனால் அதைக் கண்டது திரும்பி வந்து படுத்த பிறகு.

அது பிரசாதமும் இல்லை. அத்தனையும் சிவகாமு நம் வீட்டு அடுப்பில் செய்தது. எனக்குத்தான் என்று நினைத்துச் செய்தாள். நான் என்ன செய்வேன், சொல்? வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டது நான். கூப்பிட்டவன் இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் படுத்துக்கொண்டு, என்னை நம்பி வந்தவர்களை மரத்தடியில் வெறும் வயிற்றோடு விட்டுவிட்டு, மறுநாள் குளத்தங்கரையில் எந்த முகத்தோடு நடப்பேன்? தூக்கைப் பார்த்ததும் ராமாமிர்தம், "வேணாண்டா, பொண்ணுகிட்ட சாப்பிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவ்வளவு நேர்மையான ஆள். கோயில் பிரசாதம் என்று நான் சொன்ன பிறகுதான் கையை நீட்டினான். அவர்கள் உன்னை ஏமாற்றவில்லை என்று மேலே எழுதியது அப்படியே நிற்கட்டும். ஏமாற்றியது நான் ஒருவன்தான்.

நேற்று சாயங்காலம் சவரியம்மாள் கடைக்குப் போய் இதைச் சொல்லிவிட்டேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுச் சாப்பாடா சார்? அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை காதுல சொல்லக் கூடாதா? அந்தக் கத்தரிக்கா வாசனையில அன்னிக்கு எனக்கு உசுரே போயிடுச்சு. நானும் ஒரு கை வாங்கியிருப்பேனே!" என்றார். யோசித்துப் பார் வினோ. அன்றைக்கு நான் மட்டும் உண்மை பேசியிருந்தால், உன் பட்டினிக் கோஷ்டியில் பட்டினி கிடந்தவர் என்று ஒருவர்கூட மிஞ்சியிருக்கமாட்டார்.

திங்கட்கிழமை கமிட்டிக்கு நானும் வருகிறேன். அத்தனை பேராசிரியர்களும் என்னிடம் பைண்டிங் கொடுக்கிறவர்கள், பரவாயில்லை, நானே அவர்கள் முன்னால் நின்று, தப்பு இந்தப் பெண்ணுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் அவ்வளவு உயரமா என்று யாராவது கேட்டால் மட்டும், கனவில் உயரம்தான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.